பச்சை மலையில் கருகிய பதினொரு மரங்கள்

குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறி, கொழகொழவென்று நாறியது. பாம் மரத்துக்குக் குருத்து ஒன்றுதான் உயிர். அது போனால் மரம் போனதுதான். அடுத்த மரத்தை இழுத்தேன். அதுவும் வந்தது. அன்று காலை பன்னிரண்டு மரங்களில் பதினொன்று அப்படிப் போயிருந்தன. மேனேஜர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் மஸ்கட்டில் ஒரு லேண்ட்ஸ்கேப்பிங் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். ரூவியில் ஆபீஸ். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் கீழக்கரை, கையில் தோட்டக்கலை டிப்ளமா. ‘பச்சை மலை’ என்று பொருள்படும் ஜபல் அக்தர் மலைமேல் ஓர் ஓமானியப் பெரியவர் வீடு கட்டியிருந்தார். கேட்டிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் பாம் மரம் வேண்டும் என்றார். ராயல் பாம் வைக்கலாம் என்று முடிவு செய்தது நான்தான். மஸ்கட்டில் நான் நட்டதில் ஒன்றுகூடச் செத்ததில்லை.

1. சாக்கு கேட்டவர்

மலையில் தங்கி மரங்களைப் பார்த்துக்கொள்ள சிவராஜண்ணனை அனுப்பினோம். கோத்தகிரிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லாரியிலிருந்து மரங்களை இறக்கும்போதே சொன்னார்.

“பாய், இது எங்க ஊரு மாதிரி குளிருது. தை மாசம் உறைபனி விழும். இந்த மரம் தாங்காது. ஊட்டிப் பக்கம் ஒரு பனை இருக்கு, தண்டு முழுக்க மயிராட்டம் நாரு. அதுன்னா பொழைக்கும்.”

“அண்ணே, அரபு நாட்டுல பாம் மரம் சாகுமா? நீங்க தண்ணி மட்டும் ஒழுங்கா விடுங்க.”

உறைபனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடற்கரையில் வளர்ந்தவன். தெரியாது என்று சொல்ல டிப்ளமா விடவில்லை.

டிசம்பரில் அவர் ஆபீசுக்குப் போன் செய்தார். நூறு சாக்கும் கொஞ்சம் காய்ந்த வைக்கோலும் வேண்டும், குருத்தைச் சுற்றிக் கட்டணும் என்றார். வீட்டுக்காரர் விருந்தாளிகளை அழைத்திருந்த நேரம். “மரத்துக்குச் சாக்கு கட்டினா பாக்க அசிங்கமா இருக்கும்ணே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

2. விசாரணை

ஜனவரியில் மூன்று நாள் தொடர்ந்து உறைபனி. இலைகள் முதலில் வெந்த கீரை மாதிரி ஆயின, பிறகு கருகின. குருத்து அழுக இன்னும் சில வாரம் ஆனது. அதன்பிறகுதான் மேனேஜரும் நானும் மேலே போனோம்.

பன்னிரண்டாவது மரம் பம்ப் ரூம் ஓரமாக நின்றது. அதன் தலையில் ஒரு கம்பளி சுற்றியிருந்தது. சிவராஜண்ணன் போர்த்திக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளி. இருந்தது ஒன்றுதான் என்பதால் ஒரு மரத்துக்குத்தான் கட்ட முடிந்திருக்கிறது. குருத்து பச்சையாக நிமிர்ந்து நின்றது.

மேனேஜர் கேட்டார், “என்னப்பா ஆச்சு? யாரு பொறுப்பு?”

சாக்கு கேட்ட போனை எடுத்தது நான் ஒருவன்தான். மேனேஜருக்கு அது தெரியாது.

“சாயங்காலம் தண்ணி விட்டிருக்கான் சார். குருத்துல தண்ணி நின்னு அழுகிருச்சு. காலைல விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

சிவராஜண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். “சார், நான் டிசம்பர்லயே…”

“நீ பேசாத” என்றேன்.

அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு டியூபை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் வீட்டுக்காரர் வந்தார். கம்பளி கட்டிய மரத்தைக் காட்டி, இதை யார் காப்பாற்றியது என்று இந்தியில் கேட்டார். மேனேஜர் என் தோளில் கை வைத்து, “எங்க சூப்பர்வைசர்தான்” என்றார். நான் மறுக்கவில்லை.

அந்த மாதமே சிவராஜண்ணனின் விசாவை கேன்சல் செய்தார்கள். திரும்ப வேலைக்கு வரத் தேவையான என்ஓசி கடிதம் கொடுக்கவில்லை, அதனால் இரண்டு வருடம் ஓமான் பக்கமே அவர் திரும்ப முடியாது. அவரை ஏர்போர்ட்டில் விடப் போக வேண்டியது என் டியூட்டி. தலைவலி என்று சொல்லி டிரைவரை அனுப்பினேன்.

3. கோத்தகிரி

அடுத்த வருடம் இத்தாலியிலிருந்து விண்ட்மில் பாம் வரவழைத்தோம். சிவராஜண்ணன் சொன்ன அதே நார் சுற்றிய மரம். ஒன்றுகூடச் சாகவில்லை. மலைக் குளிர் தெரிந்தவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர் வந்தது. மலைமேல் கிடைத்த வேலைகளுக்கெல்லாம் என்னைத்தான் அனுப்பினார்கள். சீனியர் சூப்பர்வைசர் ஆனேன்.

அவர் போன மூன்றாம் வருடம், லீவில் ஊருக்கு வந்தபோது கோத்தகிரிக்குப் போனேன். சிவராஜண்ணன் ஒரு நர்சரியில் பதியன் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். போனில் நான் சொன்னது, மேனேஜர்முன் நான் சொன்னது, என் தப்பு என்பது, எல்லாம். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச விஷயந்தானே பாய். மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லண்ணே.”

“சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த பதியனை எடுத்தார்.

திரும்பிப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் முடிவெடுத்தேன். அதே மேனேஜரிடம் மேலும் நான்கு வருடம் வேலை பார்த்தேன். தினமும் அவர் அறைக்குள் போனேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

இப்போது சூப்பர்வைசராக இருக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல முடியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தப்பு நடந்துவிட்டால், யாரிடம் சொன்னால் உங்கள் நாற்காலி ஆடுமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் தனியாக அழுவது சுலபம். நான் அதை மட்டும்தான் செய்தேன்.