நோட்டில் எழுதிய பத்து வரி

நான் படித்தது ஐந்தாவது வரை. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது பத்து வரி. அந்தப் பத்தை எழுத நான்கு மாதம் ஆனது.

எங்கள் ஊர் சித்தையன்கோட்டை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் திண்டுக்கல்லில் ஒரு மாதா கோவில் ஹாலில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. ஒரு சிஸ்டர் நடத்தினார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவோம். என்னோடு எங்கள் தெருப் பெண் ஒருத்தி வருவாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவள். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான். என்னை அக்கா என்பாள். நான்தான் அவளை வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்.

"பெரிய இங்கிலீஷ் வேண்டாம். நடந்து முடிஞ்சத மட்டும் சொல்லுங்க. என்ன செஞ்சேன்னு முதல்ல. எங்க, யாரோட, எதுலேருந்துங்கறதெல்லாம் பின்னாடி. வெண்ட் டு. கேம் ஃப்ரம். ஒர்க்ட் இன். இத வச்சே உங்க வாழ்க்கைய பத்து வரியில எழுதிரலாம்."

எனக்கு அது பிடித்தது. செய்ததைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, நிறுத்திவிடலாம். மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

"ஐ ஒர்க்ட் இன் எ மில்." இது என் முதல் வரி. பஞ்சு மில்லில் பதினோரு வருடம் இருந்தேன். நான்காவது வரியில் என் மாமியார் பாத்ரூமில் விழுந்தார். இடுப்பு போனது. நான் மில்லை விட்டு நின்றேன். ஏழு வருடம் அவர் கட்டிலோடு கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கினேன். வெயிலுக்குத் தூக்கிப் போனேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பத்தாவது, "ஷி டைட் ஆன் மை லேப்." என் மடியில் இறந்தார்.

சிஸ்டர் படித்துவிட்டு நோட்டை மூடவில்லை. 

"இது அனுபவம்மா. வெளிநாட்டுல இதுக்குன்னு ஆள் தேடுறாங்க."

அந்த ஏழு வருடத்தை அதுவரை யாரும் வேலை என்று சொன்னதில்லை. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள்.

அவள் நோட்டிலும் பத்து வரி இருந்தது. பூ மார்க்கெட்டில் உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஏழாவது, "ஐ ஃபாட் வித் மை ஹஸ்பண்ட்." புருசனோடு சண்டை போட்டேன்.

"இத வேலை கேக்கப் போற எடத்துல சொல்லாத" என்றார் சிஸ்டர்.

"அப்ப எதச் சொல்ல சிஸ்டர்? அவன்கூட சண்ட போட்டதத் தவிர நான் என்னத்தச் செஞ்சேன்?"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வாய் பழக வேண்டும் என்று சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். இருவர் இருவராக நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவள் வாழ்க்கையை நான் சொல்ல வேண்டும், என்னுடையதை அவள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொள்வோம். செம்பட்டி வருவதற்குள் பத்தும் முடிய வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. நான் அவள் வரிகளில் தடுமாறிக்கொண்டே இருப்பேன். அவள் என்னுடையதைத் தண்ணீர் மாதிரி சொல்வாள்.

"அக்கா, உன் மாமியார நான் உன்னவிட நல்லாப் பாத்துக்கிறேன் பாரு" என்பாள்.

மலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி படுக்கையில் இருப்பதாகவும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும் சிஸ்டருக்குத் தகவல் வந்தது. தங்க இடம், சாப்பாடு, சம்பளம். கிழவியின் மகள் வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்து பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிஸ்டர் எங்கள் இருவரையும் அனுப்பினார். எனக்கு நாற்பத்தைந்து வயது. மில்லில் இனி எடுக்க மாட்டார்கள். இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரிந்த வேலை. கிடைக்கும் என்றே இருந்தேன்.

சிஸ்டருக்கு அன்று ஒரு அடக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் மட்டும் போனோம். வத்தலக்குண்டில் கோவிலை ஒட்டிய ஒரு அறை. வெளியே பெஞ்ச்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. நான் முதல்ல உள்ள போயிட்டு வந்துரவா?"

"போ."

கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே அவள் குரல் கேட்டது. ஐ ஒர்க்ட் இன் எ மில்.

பதட்டத்தில் நோட்டு மாறிவிட்டது, சரி செய்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் சரி செய்யவில்லை. உள்ளே என் மாமியார் இன்னொரு தடவை பாத்ரூமில் விழுந்தார். நான் பெஞ்சிலேயே இருந்தேன். பத்தாவது வரியில் அவள் குரல் உடைந்தது. பஸ்ஸில் ஒரு நாளும் அப்படி உடைந்ததில்லை. கிழவியின் மகளான அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

நான் போனேன். சொன்னேன். மூன்றாவது வரியில் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஐந்தாவதில் கையைக் காட்டி நிறுத்தினார். ஏதோ நீளமாகக் கேட்டார். சேம், சேம் என்பது மட்டும் புரிந்தது. இருவரும் சொன்னது ஒன்றே என்கிறார். அவருக்குக் கோபம் இல்லை. பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

அது என்னுடையது, அவளுடையது இல்லை என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. என்னிடம் இருந்தது பத்து வரி. பத்தும் போய்விட்டது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். 

"அக்கா, என் வரியில ஒரு கெழவிகூட இல்லக்கா. பூவச் சொன்னா எவ வேல குடுப்பா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீ பேசவே மாட்ட. எப்படியும் உன்ன எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் இல்லாமப் போறதுக்கு..."

"டிக்கெட் எடுத்தியா?" என்றேன்.

"எடுத்துட்டேன். ரெண்டு."

அடுத்த ஞாயிறு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அம்மா போன் பண்ணியிருந்தார் போல.

"ஏம்மா, மாத்திச் சொல்லிப் பழகச் சொன்னது வகுப்புல மட்டுந்தான? அங்க போயி அவளோடத ஏன் சொன்ன?"

அவளோடது என்றார். நான்கு மாதம் என் நோட்டைத் திருத்தியவர் அவர். எழுத்து எழுத்தாகத் திருத்தியவர். பத்துப் பேர் நோட்டில் யாருடையது எது என்று அவருக்கு நினைவில்லை. நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டித்தான் நம்ப வைக்க வேண்டும் என்றால் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"தெரியல சிஸ்டர்" என்றேன். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. இப்போது தக்காளி கமிஷன் கடையில் தரம் பிரிக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மத்தியானம் மலையிலிருந்து அவள் போன் பண்ணினாள்.

"அக்கா, வச்சிராதக்கா. இந்தக் கெழவிக்கு முதுகுக்குக் கீழ செவந்து போயி தோல் உரியுது. என்ன செய்யன்னு தெரியல. கேட்டா எனக்குத்தான் எல்லாம் தெரியும்ங்குறாங்க."

வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கிழவி என்ன செய்தாள்? புண் அவளுக்குத்தானே.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வையி. ஒருச்சாய்ச்சு முதுகுக்குத் தலகாணி குடு. தேய்க்காத. பவுடர் கொட்டாத. ஈரம் நிக்க விடாத. இன்னைக்கே டாக்டரக் கூப்பிடச் சொல்லு."

"சரிக்கா. சரிக்கா." எழுதிக்கொள்கிறாள் போலிருந்தது. பிறகும் வைக்கவில்லை.

"இன்னொண்ணுக்கா. அந்த மக இருக்கால்ல, அவ அம்மா எப்பப் போயிருமோன்னு பயந்துக்கிட்டே இருக்கா. தெனம் என் மாமியா செத்ததச் சொல்லச் சொல்றா. மடியில செத்தாங்கன்னு சொன்னா அவளுக்கு மனசு ஆறுது. நேத்து சமையக்காரம்மாவ வச்சு, கடசியா அவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்குறா. எனக்கு ஒண்ணும் ஓடல. என்னக்கா சொன்னாங்க?"

என் மாமியா என்றாள். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லல. பேச்சு நின்னு போச்சு" என்றேன்.

வைத்துவிட்டேன்.

சொன்னார். என் மாமியார் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அதை நோட்டில் எழுதவில்லை.