முழுதும் மூடப்பட்டது

தகரம் சலசலக்கும் ஓசை கேட்டால் இன்றும் என் முதுகு சில்லிடுகிறது.

பழங்காலக் குதிரைப்படை பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். செதில் செதிலாக இரும்பு தைத்த கவசத்தால் வீரனையும் குதிரையையும் போர்த்திய படைக்குக் கிரேக்கர் வைத்த பெயர், ‘முழுதும் மூடப்பட்டது’. அதற்குத் தமிழ்ச்சொல் அமையவில்லை. கண்ணால் பார்த்தால் அமையுமென்று, தகரத் துண்டுகளைச் சாக்கில் தைத்துக்கொண்டு, அடி அண்ணாமலை கிராமத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பாயிடம் போனேன்.

“பேண்டு சத்தத்துக்கே அசையாது சார், என் ராணி. மாப்பிள்ளைங்கதான் நடுங்குவாங்க,” என்று சிரித்தபடி சாக்கைக் குதிரைமேல் கட்ட விட்டார்.

ராணி ஓரடி வைத்தாள். உடம்பெல்லாம் சலசலத்தது. மிரண்டு ஓடினாள். ஓட ஓடச் சத்தம் பெருகியது. பெருகப் பெருக இன்னும் ஓடினாள். தன்னைத் துரத்துவதை அவள் உடுத்தியிருந்தாள். கவசம் என்றால் அதுவரை வீரனை மட்டுமே நினைத்திருந்தேன். உள்ளே மூடப்பட்ட இன்னோர் உயிரை அன்றுதான் பார்த்தேன்.

ஏரிக்கரையில் களைத்து நின்றவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாய் கயிறுகளை அறுத்தார். வாளித் தண்ணீரை நீட்டினார். வாயில் நுரை வழிய அவள் என்னையே பார்த்தாள், வாளியைத் தொடவில்லை.

“பாய், நான் ஏதாவது...”

“கெளம்புங்க சார்,” என்றார், கோபமில்லாமல். “நீங்க இங்க நிக்கிற வரைக்கும் குடிக்க மாட்டா.”