சிப்பாயின் துப்பாக்கிக்கு லீவு

லோத்குண்டாவில் எங்கள் காலனி முனையில் ஒரு சிப்பாய் சிலை இருந்தது. முந்தைய சண்டைகளில் இறந்துபோன வீரர்களுக்காக வைத்தது. சிமெண்டில் செய்து அலுமினியப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எதிரியைச் சுடத் தயாராக நிற்கிறான் என்று பெயர். துப்பாக்கி குறி பார்த்ததென்னவோ ரேஷன் கடையைத்தான். மண்ணெண்ணெய் இல்லை என்று கடைக்காரர் கையை விரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பாய்மேல் பிரியம் கூடும்.

அந்த வருஷம் சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். சித்தப்பா ராணுவத்தில் நாயக். அவரை வங்காள எல்லைக்கு அனுப்பியிருந்தார்கள். ரேடியோவைக் கேட்டுவிட்டு, சண்டை நிச்சயம் என்று அப்பா தினமும் சொல்வார். உடனே சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். வேலூர்ப் பக்கத்துப் பெண். இந்த ஊர் உருதுப் பேச்சில் அவள் கற்றிருந்தது 'நக்கோ' என்ற ஒரே வார்த்தைதான். வேண்டாம், முடியாது, போய்யா எல்லாவற்றுக்கும் அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டன. என் புத்தகங்கள் சரஸ்வதி படத்தடிக்குப் போயின. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பண்டிகை அது.

சுண்டல் தின்று முடித்ததும் சித்தி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "வா கண்ணு" என்று கிளம்பினாள். நேரே சிலைக்குப் போனோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பீடத்தில் ஏறி, துப்பாக்கிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள்.

"இன்னிக்கு இதுக்கும் லீவு."

மறுநாள் விஜயதசமி. சைக்கிள் ஆபீசுக்குப் போனது, தையல் மெஷின் ஓடியது. துப்பாக்கியை மட்டும் சித்தி பூஜையிலிருந்து எடுக்கவில்லை. மழையில் பொட்டு கரைந்தால், வாசலில் கோலம் போட்ட கையோடு போய் மறுபடி வைத்துவிட்டு வருவாள். பூஜை முடியாதவரை எந்தத் துப்பாக்கியும் சுடக்கூடாது என்பது அவள் கட்சி. எனக்கும் அது நியாயமாகப் பட்டதால் கணக்குப் புத்தகத்தைச் சரஸ்வதியிடமே விட்டுவைத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்து, அதை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

விஷயம் காலனி செக்ரட்டரியின் காதுக்குப் போனது. சிலைக்கு மாலை போடப் பெரிய ஆபீசர் ஒருவர் வரவிருந்த நேரம். ஈரத்துணியோடு தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு செக்ரட்டரி வந்துவிட்டார்.

"யே மந்திர் நை அம்மா. சாஃப் கர்னா."

இது கோயில் இல்லையாம், துடைக்க வேண்டுமாம் என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி சிலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"நக்கோ."

அப்பாவின் ஆபீசில் புகார் செய்வதாக அவர் மிரட்டினார். அப்பாவே ஓடி வந்து சித்தியிடம் கெஞ்சினார்.

"பூஜையில வெச்சதை நான் எடுக்க மாட்டேன் மாமா. எடுக்கணும்னா என்னைத் தள்ளிட்டு எடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

தோட்டக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். ஆபீசர் வந்து, பொட்டு வைத்த துப்பாக்கிக்கே சல்யூட் அடித்துவிட்டுப் போனார். சித்திக்குக் கிறுக்கு என்று காலனியே பேசியது. இன்றைக்கும் யாராவது அப்படிச் சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

கார்த்திகையில் சண்டை மூண்டது. சித்தி பொட்டைப் பெரிதாக்கினாள். நாம் ஜெயித்துவிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். மாம்பழ சீசனில் சித்தப்பா லீவில் வந்தார், கைகால் முழுசாக. கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் மூவரும் சிலையைப் பார்க்கப் போனோம். அவர் கைக்குட்டையை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனார். சித்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் வந்துட்டேனே, இன்னும் எதுக்கு?"

"நீங்க வந்துட்டீங்க. உங்ககூடப் போனவங்க எல்லாரும் வந்துட்டாங்களா?"

சித்தப்பா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முன்னால் ஓடிப்போய் அம்மாவிடம், "சித்தப்பா தோத்துட்டாரு, சித்திதான் ஜெயிச்சா," என்று கத்தினேன். பின்னால் வந்த இருவரும் அழுதிருந்தார்கள். தோற்றவர் அழலாம், சரி. ஜெயித்தவள் எதற்காக அழ வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.