தங்கவேல் வண்டியின் பிரேக் சத்தம்

மெக்கானிக்காகப் பிழைக்கிறவனுக்கு ஓடாத வண்டி வந்தால் நிம்மதி. சத்தம் போட்டுக்கொண்டே ஓடும் வண்டி வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. பழைய வண்டியை வைத்துக்கொண்டு என்னைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புனேயில், ஏரவாடாவில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, போலீஸ்காரர் வந்து நின்றால் மராத்தி. இந்த மூன்று பாஷையிலும் ‘தெரியாது’ என்ற வார்த்தையை எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒரு வண்டியைப் பற்றித்தான் இது.

எவன் கை வைத்தான்?

தங்கவேல் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார். கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு திவே காட் மலைப்பாதை வழியாக சாஸ்வட் மண்டபங்களுக்குப் போவார். பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசுவது போல் ஒரு சத்தம், எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்று கொண்டுவந்தார். விஷ்ராந்த்வாடி சிக்னல் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் எங்கள் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். முன் சக்கரத்தைக் கழற்றினேன், முகத்தைச் சுளித்தேன், “இதுக்கு முன்னால எவன் கை வச்சான்?” என்றேன். தங்கவேல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தசராவுக்கு அப்புறந்தாண்ணே இந்தச் சத்தம்.”

அண்டாவின் மேல் பழி

மழை போய்த் தூசி கிளம்பிய நேரம், அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முன் பிரேக் பேடை மாற்றி அனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். இந்தத் தடவை அவர் மனைவி செல்வியும் கூட வந்திருந்தாள். பாத்திரங்களுக்குக் காவலாக எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவள். காட் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் சத்தம் வருகிறது என்றாள். மறுபடி அதே சிக்னல் வரை ஓட்டினேன். மறுபடி ஒன்றுமில்லை.

எனக்கு எரிச்சல். வண்டியில் குறையில்லை, பின்னால் உருளும் அண்டாக்கள்தான் கத்துகின்றன என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். செல்வி கோபப்படவில்லை. “பன்னெண்டு வருஷமா அந்த அண்டாவோடதாண்ணா போறேன். அது எப்படிக் கத்தும்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

என் கை வேலை

மூன்றாம் தடவை முன் டிஸ்க்கையே மாற்றினேன். பின் சக்கரத்தைத் தொடவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின் சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை தசராவுக்கு முதல் நாள் மாற்றியது நான்தான். இந்த ஊரில் தசராவன்று ஒவ்வொரு வண்டியும் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நிற்க வேண்டும். அதனால் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரிப்பேர் ஞாபகம் வரும். அன்று ஒன்பது வண்டி. தங்கவேலுடையதுதான் கடைசி. நான் போட்ட பிரேக்கில் என்ன குறை இருந்துவிடப் போகிறது என்ற திமிர்.

செல்வி வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள், பஸ்ஸில் போனாள். தங்கவேல் இறக்கத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கினார். இரண்டு கல்யாணத்துக்குப் பாத்திரம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சமையல்காரர் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அடுத்த மாதம் வண்டியை விற்றுவிட்டதாகச் சொல்லத்தான் தங்கவேல் வந்தார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். “பிரேக்ல கால வச்சாலே பயமா இருக்குண்ணே. நம்பிக்கை போன வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

பாரத்தோடு வந்தவர்

வாங்கியவர் நிக்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஜாதவ். வண்டியோடு என் விலாசமும் அவருக்குப் போயிருந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதென்றால் வண்டியைக் காலி செய்து, கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவார்கள். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் மரியாதை அது. தங்கவேல் மூன்று தடவையும் அப்படித்தான் வந்தார். ஜாதவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. டைல்ஸ் பெட்டிகளை வாய்வரை ஏற்றிக்கொண்டு நேராக வந்து என் வாசலில் பிரேக் போட்டார். இரும்பு உரசும் சத்தத்தில் பல் கூசியது.

அந்த வண்டியில் பாரம் இல்லாவிட்டால் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். பாரம் ஏறினால்தான் முழுசாகப் பிடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே மூன்று தடவையும் காலி வண்டியைச் சிக்னல் வரை ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இடது பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். ஷூவை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்பிரிங் இல்லை. தேய்ந்துபோகவில்லை, உடையவில்லை, போடவே இல்லை. ஷூ சாய்ந்து டிரம்மின் விளிம்பைத் தின்றிருந்தது. தங்கவேல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் காட் இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் போயிருக்கும். ஜாதவ் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். என் மந்திரத்தையே இந்தியில் என்னிடம் கேட்டார்: “யே காம் கிஸ்னே கியா, உஸ்தாத்?”

லோஹேகாவ் கேட்டில்

தெரியாது என்றேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை, அதுவும் நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு. ஸ்பிரிங்கும் புது ஷூவும் டிரம்மும் போட்டு, டைல்ஸ் பாரத்தோடேயே ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது. ராத்திரி படுத்தால்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கவேலைத் தேடிப் போனேன். லோஹேகாவில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி வேலை. தோளில் நிற்காத பெரிய யூனிஃபார்ம். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, என்னை அதில் உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவருக்கு முதலிலேயே தெரியும். அப்படியானால் வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே, வண்டியாவது மிஞ்சியிருக்குமே என்றேன். உள்ளே வந்த காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். “போயிருக்கலாம்ணே. ஆனா அவன் தொறந்து பாத்துட்டு எவன் கை வச்சான்னுதான் மொதல்ல கேப்பான். உங்க பேர எப்படிண்ணே சொல்றது?”

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் பாரத்தோடு கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன். எவன் கை வைத்தான் என்று மட்டும் கேட்பதில்லை, சில பேர் மரியாதைக்காகப் பதில் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.