சீரில் வந்த இரண்டு போனும் ஒரே மாடல்தான்

ஆடிச் சீரில் வந்த போனுக்கு நான் ரிவ்யூ சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று வேங்கிக்காலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் மகன், என் அண்ணனுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. அண்ணியை அழைத்துப் போக அவருடைய அப்பா செங்கம் பக்கத்திலிருந்து சீரோடு வந்திருந்தார்.

பழம், இனிப்பு, வேட்டி, புடவை. நடுவில் இரண்டு போன் டப்பா. மாப்பிள்ளைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

"ரெண்டும் ஒரே மாடல்ங்க, ஒரே கலரு. ஒருத்தருக்கு ஜாஸ்தி, ஒருத்தருக்கு கம்மினு யாரும் சொல்லிடக் கூடாதில்ல" என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார். நான் ஒருவன் அங்கே இருப்பேன் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எனக்கு டிஸ்ப்ளே டெஸ்டிங்கில் வேலை. நாள் முழுக்க ஸ்கிரீனில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். (ஞாயிற்றுக்கிழமை சம்பளம் இல்லாமலும் செய்வேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.)

அண்ணன் இரண்டு டப்பாவையும் என் மடியில் போட்டான். "டேய், செட் பண்ணிக் குடுடா."

செய்தேன். அதோடு எழுந்து போயிருக்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து, பிரைட்னஸைச் சமமாக்கி, வெறும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தேன். அண்ணியின் போன் பால் மாதிரி வெள்ளை. அண்ணனுடையதில் லேசான மஞ்சள்.

ஒரே மாடலுக்குக் கம்பெனிகள் இரண்டு மூன்று இடங்களில் ஸ்கிரீன் பேனல் வாங்குவது வழக்கம். எல்லாம் டெஸ்டில் பாஸ் ஆனவைதான். ஆனாலும் அச்சு அசலாக ஒன்று போல இருக்காது. யாருக்கு எது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

இதை இப்படிப் பொறுமையாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நான் சொன்னது இது:

"ண்ணா, உனக்கு மட்டமான பேனல் வந்திருக்கு. அண்ணியோடதுதான் சூப்பர்."

பெரியம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றார். "என்னடா சொன்ன? எது மட்டம்?"

"ஒரே கடையில ஒண்ணா வாங்கினதுங்க" என்றார் அண்ணியின் அப்பா.

"மாடல் ஒண்ணுதான் மாமா, பேனல் வேற. லாட்டரி மாதிரி" என்று நான் விளக்கினேன். (அந்த நேரத்தில் யாராவது என் வாயில் ஒரு லட்டைத் திணித்திருக்கலாம். தட்டு நிறைய இருந்தது.)

பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "அப்ப நல்லதா பாத்து பொண்ணுக்கு எடுத்துட்டு, மிச்சத்த மாப்பிளைக்கு வச்சிட்டீங்களா சம்மந்தி?"

எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் சிரிப்பில்தான் தொடங்கும்.

"விடும்மா. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றான் அண்ணன்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் விடவில்லை.

"உனக்குத் தெரியலனா இல்லனு ஆயிடுமா? கிட்ட வச்சி நல்லா பாரு."

அண்ணியின் அப்பா எழுந்தார். அண்ணனுடைய போனையும் பில்லையும் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது இலை போட்டுப் பரிமாறி எல்லாம் ஆறியிருந்தது. டப்பா பிரித்த போனை மாற்ற முடியாது, இதெல்லாம் பழுதே இல்லை என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அதற்குள் அண்ணி தன் போனை எடுத்து அண்ணன் முன்னால் வைத்திருந்தார். "இத நீங்க வச்சிக்கங்க."

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. "கேட்டப்புறம் குடுக்கறதுக்குப் பேரு சீரா?"

கை கழுவப் போன இடத்தில் அண்ணியின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க படிச்சவரு. ரெண்டும் ஒண்ணுதான்னு சம்மந்தியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. பொண்ணு இங்கதான வாழணும்."

போனேன். மஞ்சளடித்த போனை எடுத்து, செட்டிங்ஸில் கலர் டெம்பரேச்சரைக் கொஞ்சம் கூல் பக்கம், அதாவது நீலத்தின் பக்கம் தள்ளினேன். மஞ்சள் ஏறக்குறைய போய்விட்டது. அரை நிமிட வேலை. காலையிலேயே வாயைத் திறக்காமல் செய்திருக்க வேண்டிய வேலை.

"பாருங்க பெரியம்மா, செட்டிங்தான் மாறியிருந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

பெரியம்மா போனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"காலையில ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. அவரு தனியா கூப்ட்டு என்னடா சொல்லிக் குடுத்தாரு?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கும் அது கேட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்பலாம்மா" என்றார் மகளிடம்.

அண்ணியின் பெட்டியை ஆட்டோவில் ஏற்றியது நான்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"தம்பி, ரெண்டுல எது நல்லது எது மட்டம்னு எனக்கு இப்பகூட தெரியல. ஆனா ஆடி முடிஞ்சு நான் திரும்பி வரும்போது இந்த வீட்ல மொதப் பேச்சு அதான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆட்டோ போனதும் உள்ளே வந்தேன். அண்ணன், அண்ணி விட்டுப்போன அந்த நல்ல போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை அணைத்துவிட்டு எழுந்து போனான்.

ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் பெரியம்மாவிடம் எப்படிப் பேசிச் சரி செய்வது என்று கல்யாணமானவர்கள், மருமகளாக வாழ்ந்து பார்த்தவர்கள் யாராவது கமெண்ட்டில் சொல்லுங்கள்.

பேனலைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம். அது எனக்குத் தெரியும்.