தலைவரின் நட்சத்திரம்

முதல் சில மாதங்கள் செவ்வாய்க் கிரகம் என்று நம்பி நான் படம் பிடித்துக்கொண்டிருந்தது, எதிர்மலையில் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கை. இதை நானாகவே சொல்வதற்குக் காரணம் நேர்மை அல்ல. ராகலைப் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இனி யாரும் மிச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற நான், அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி ஆசிரியர் அறையில் ஒட்டி, அதன் ஓரத்தில் வெளிறித் தெரிந்த இடத்துக்கு அம்புக்குறி போட்டு ‘துருவப் பனி’ என்றும் எழுதியிருந்தேன். செவ்வாய் ஏன் தினமும் ஒரே இடத்தில் நிற்கிறது என்று விஞ்ஞான ஆசிரியை கேட்டார். வானத்தின் இயக்கங்கள் நாம் நினைக்கிற அளவுக்கு எளிமையானவை அல்ல என்று விளக்கினேன். பிறகு ஒரு மாலை கோபுரத்தைத் திருத்த ஆள் ஏறினார். என் அடுத்த படத்தில் செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கு எங்கள் பக்கத்தில் பொதுவாக வருவது சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, அல்லது கோயில் கமிட்டி. எனக்கு மூன்றாவதாக இது வந்தது. கொழும்பில் யாரோ பாவித்துக் கைவிட்ட ஒரு கேமரா, ஒரு முக்காலி, லென்ஸில் பனி படியாமல் சுற்றிக் கட்ட, காலில் போட்டுத் தேய்ந்த என் பழைய கம்பளி மேஸ் ஒன்று, குளிருக்குக் குரங்குத் தொப்பி. இந்தக் கோலத்தில் வீட்டின் பின்பக்கம் மரக்கறிப் பாத்திக்குள் நான் நிற்பதைப் பார்த்து என் மனைவி, பன்றி விரட்ட ஆள் வைத்திருக்கிறோம் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். மரியாதையான விளக்கம் அதுதான் என்பது அவர் கருத்து.

செவ்வாய் கைவிட்ட பிறகு நான் ஆசைப்பட்டது ஓரியன் நெபுலாவுக்கு. ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே, வெறும் கண்ணுக்குப் புகைத்த மாதிரித் தெரிகிற இடம். கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்து, அப்படிப் பல படங்கள் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கினால், அந்தப் புகை ரோஜா நிற மேகமாக விரியும் என்று படித்திருந்தேன். தைப் பொங்கல் முடிந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த நாட்கள் அவை. பங்குனி கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் ராகலையில் வானம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

தடையாக இருந்தது ஒரே ஒரு பொருள்தான். எங்கள் வீட்டுக்கு மேலே மாரியம்மன் கோயில். கோயில் வாசலில் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு போக்கஸ் லைட். நுவரெலியா பஸ் வளைவில் திரும்பும்போதே தெரிகிற வெளிச்சம். அதைக் கொண்டுவந்து மாட்டியவர் கோயில் கமிட்டித் தலைவர், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். தன் பதவிக்காலத்தின் சாதனையாக அவர் சொல்லிக்கொள்வது அந்த லைட்டைத்தான். அது எரியும்போது என் கேமராவில் விழுந்ததெல்லாம் பால் ஊற்றிய மாதிரி ஒரு வெள்ளை.

வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாலையில் ஒரு மணி நேரம், சில நாட்களுக்கு மட்டும், லைட்டை அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

“அம்மன இருட்டுல ஒக்கார வைக்கச் சொல்றீங்களா, சேர்?” என்றார் தலைவர்.

அப்படியில்லை என்று தொடங்கி நெபுலாவை விளக்கினேன். அது வாயுவும் தூசியும் சேர்ந்த பெரிய மேகம், அதற்குள்ளேதான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்றேன். தேத்தண்ணி கொண்டுவந்த தலைவரின் மனைவி அதைக் கேட்டு நின்றார். “பெறுற எடத்துல ஆம்பளைக்கு என்னாங்க வேல? அதுவும் கேமராவோட” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த ஆட்சேபணைக்குப் பதில் இல்லை.

பேச்சை மாற்றுவதற்காக, அந்த மேகம் திருவாதிரைக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது என்றேன். தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அர்ச்சனைக்குச் சொல்கிற திருவாதிரையா என்று கேட்டார். அதேதான் என்றேன். அப்படியானால் மற்ற நட்சத்திரங்களும் மேலே இருக்கின்றனவா என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் நாற்பது வருடமாகப் பூசாரியிடம் பெயர், ராசி, நட்சத்திரம் என்று ஒப்பித்து வந்தவன்தான். அந்த நட்சத்திரத்தை ஒரு நாளாவது அண்ணாந்து தேடியதில்லை. போயே பார்க்காத ஊரை விலாசத்தில் எழுதுகிற மாதிரி.

“நம்மளோடது ரேவதி. அது இருக்கா?”

“இருக்குங்க.”

“இப்பவா?”

“இப்பவும் இருக்குங்க.”

எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அவருடைய லைட்டின் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து, லைட்டை அணைத்துவிடலாம் என்றார். ஒரு நிபந்தனை. முதலில் அவருடைய நட்சத்திரத்தைப் படம் பிடித்துத் தர வேண்டும். தேர்த் திருவிழாவுக்கு முன்னால் பொதுக்கூட்டம் வருகிறது, தலைவர் தெரிவு இருக்கிறது, இந்த முறை தேத்தண்ணிக் கடைக்காரரும் நிற்கிறார். கூட்டத்தன்று அந்தப் படம் சட்டம் போட்டுக் கோயில் மண்டபத்தில் தொங்க வேண்டும். வானத்திலேயே இருக்கிற ஆளை யார் அசைப்பது என்பது அவர் கணக்கு.

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் ரேவதி எப்படிப்பட்ட நட்சத்திரம் என்று பார்த்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியும், தெரியாது என்கிற எல்லையில் நிற்கிற நட்சத்திரம். இருபத்தேழில் இதைவிட அடக்கமானதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

குறித்த மாலை லைட் அணைந்தது. அது அணைந்ததும், அணைந்ததைப் பார்ப்பதற்காக தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற ஆட்கள் அத்தனை பேரும் டோர்ச்சோடு கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். டோர்ச் இல்லாதவர்கள் போனின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இருட்டு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் அடித்து அடித்துப் பார்த்தார்கள். காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தின் பழைய குரலில் தலைவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். வெள்ளை வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. தலையும் படிய வாரியிருந்தார். முக்காலிக்குப் பக்கத்தில் வந்து, தான் எங்கே நிற்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் நிற்க வேண்டியதில்லை, அது மேலே நிற்கிறது என்றேன். அவர் அதை நம்பவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, கேமராவுக்குப் பின்னால் கடைசி வரைக்கும் விறைப்பாக நின்றார்.

ரேவதி மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. டோர்ச்சுகளை அணைக்கச் சொல்லிக் கெஞ்சி, மூச்சைப் பிடித்து, என் வாழ்நாளிலேயே மிகச் சரியாகக் குவித்த படங்களை அன்று எடுத்தேன். பிறகு ஓரியன் பக்கம் கேமராவைத் திருப்பியபோது ஆட்களின் பொறுமை முடிந்துவிட்டது. யாரோ ஒருவர், சேருக்குக் கண் தெரியவில்லை போல, வெளிச்சம் காட்டுங்கள் என்றார். எல்லோரும் வானத்தை நோக்கி டோர்ச் அடித்தார்கள். அந்த அவசரத்தில் என் கை பட்டு லென்ஸ் குவியம் தவறியது. நெபுலா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசிய மாதிரி விழுந்தது. திருவாதிரை மட்டும் குவியம் கெட்டு உப்பி, ஆரஞ்சு நிறத் தோடம்பழம் அளவுக்கு, தகதகவென்று விழுந்திருந்தது.

மறுநாள் படத்தைத் தலைவரிடம் காட்டினேன். கறுப்பில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அதில் ஒன்றைச் சுற்றி நான் மஞ்சளில் வட்டம் போட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தனியா எடுக்கலியா? குரூப் போட்டோவா இருக்கே.”

வானத்தில் தனியாக யாரும் நிற்பதில்லை என்றேன். அவருடைய விரல் வட்டத்துக்கு வெளியே போனது. “இந்தா, பக்கத்துல பளபளன்னு நிக்கிறது யாரு?” அதற்குப் பெயரில்லை, வெறும் எண்தான் என்றேன். பெயரில்லாதவன் இவ்வளவு வெளிச்சமாக நிற்க, பெயருள்ளவர் இப்படி நிற்பதா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் முகத்தில் அது இருந்தது. கடைசியில், கொஞ்சம் வெளிச்சம் ஏற்ற முடியாதா என்றார். “கல்யாண ஆல்பத்துல எல்லாரையும் வெள்ள வெளேர்னு ஆக்கிடுறாங்களே, சேர்.”

அங்கேதான் என்னை அறிவியல் நேர்மை பிடித்துக்கொண்டது. இருப்பதை இருக்கிறபடி காட்டுவதுதான் என் கடமை என்றேன். கோபுர விளக்குக்குத் துருவப் பனி பூசியவன் அதைச் சொல்கிறேன் என்கிற உறுத்தல் அப்போது எனக்கு வரவில்லை. தலைவர் படத்தை வாங்கி மடக்காமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்று மாலை போக்கஸ் லைட் எரிந்தது.

அந்த மனக்கசப்பில் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பேச்சோடு பேச்சாகப் போனில் இருந்த மற்றப் படங்களைக் கடைக்காரரிடம் காட்டினேன். இது பாழாய்ப் போன படம் என்று சொல்லி ஒன்றைத் தள்ளப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது எதுங்க?”

“திருவாதிரை. சரியா விழல.”

“சேர், நான் திருவாதிரை.”

இரண்டு நாளில் அந்தத் தோடம்பழம், வாசற்கதவு அகலத்துக்கு அச்சாகி, கடையில் பணிஸ் ரொட்டி வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தொங்கியது. வேலை விட்டு வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ ஊதுபத்தியும் செருகிவிட்டார்கள். கடைக்காரர் எதையும் பெரிதாகச் சொல்லவில்லை. இன்னார் நட்சத்திரம் இப்படி இருக்கிறது, இன்னார் நட்சத்திரத்தைச் சேர் வட்டம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது என்று மட்டும் தேத்தண்ணி ஆற்றுகிற போக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னார். “நான் வந்தா அந்த லைட்டே வேணாங்க. கழட்டிருவோம்.”

பொதுக்கூட்டத்துக்கு முதல் நாள் தலைவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. கொஞ்சமாவது, ஒரு குண்டுமணி அளவுக்காவது பெரிதாக்கித் தரச் சொன்னார். அப்படித் தந்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் லைட்டை அணைக்கலாம் என்றும் சொன்னார். நான் மறுபடியும் கடமையைப் பற்றிப் பேசினேன். அவர் போன பிறகு என் மனைவி, ஒரு புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வானத்துக்கு என்ன நட்டம் என்று கேட்டார். அதற்கும் கடமை என்றுதான் சொன்னேன். உண்மையில், தலைவர் மாறினால் லைட்டே இருக்காது என்கிற கணக்கு என் மனதில் இருந்தது. கடமை சில நேரங்களில் இப்படிச் சௌகரியமாகவும் அமைந்துவிடுகிறது.

கூட்டம் மண்டபத்தில் நடந்தது. குடும்பத்துக்கு ஒரு கை. தலைவர் தன் படத்தைச் சட்டம் போட்டு அம்மன் சன்னிதிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பெரிதாக்கவில்லை, வெளிச்சம் ஏற்றவில்லை, நான் கொடுத்தபடியே, மஞ்சள் வட்டத்தோடு. பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிப் பார்த்தவர்கள், கண்ணாடியில் தங்கள் முகம்தான் தெரிகிறது என்று திரும்பினார்கள். நான் எடுத்ததிலேயே ஒழுங்கான ஒரே படம் அது. கடைக்காரருக்கு யார் யார் ஆதரவு என்று கேட்டபோது கைகள் எழுந்தன. என்னுடையதும் எழுந்தது. தலைவர் தலைகளை எண்ணிப் பழகியவர். என் கையில் அவர் பார்வை ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த ஆளுக்குப் போனது.

புதிய தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் வெள்ளிக்கிழமையே கம்பத்தில் ஆள் ஏறி போக்கஸ் லைட்டைக் கழற்றினார். நான் மரக்கறிப் பாத்தியில் முக்காலியை நிறுத்தி, மேஸைக் கட்டி, குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டுக் காத்திருந்தேன். பங்குனி மழைக்கு இன்னும் நாள் இருந்தது. ஓரியன் தலைக்கு நேரே நின்றது. வேட்டைக்காரனின் இடுப்புக்குக் கீழே அந்தப் புகை வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கண்ணைக் கேமராவில் வைத்தேன்.

அப்போது கோயில் பக்கம் ஒரு கைதட்டல் கேட்டது. அதைத் தொடர்ந்து என் மேல், பாத்தியின் மேல், வானத்தின் மேல் ஒரு வெள்ளை வெளிச்சம் எழுந்தது. கழற்றிய லைட்டைக் கோயில் வாசலில், சீமெந்துப் பீடம் கட்டி, வானத்தைப் பார்க்க மல்லாக்கப் பொருத்தியிருந்தார்கள். அதோடு புதிதாக இன்னொன்றும் இருந்தது. புதிய தலைவர் கீழே நின்று, கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்தார். திருவாதிரை சரியாக எது என்று காட்டச் சொன்னார். தன் நட்சத்திரத்தை இருட்டில் நிற்க விட மனசு வரவில்லை என்றும், சேர் படம் எடுக்கும்போது இனி வெளிச்சக் குறை வராது என்றும் சொன்னார். தேர் முடியும்வரைக்கும் தினமும் எரியுமாம். அதற்குப் பிறகு மழை.

ஒரு வாரம் கழித்து ராகலை பஸ் நிற்கிற இடத்தில் பழைய தலைவரைச் சந்தித்தேன். குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பேசுவாரோ மாட்டாரோ என்று தயங்கினேன். அவரே ஆரம்பித்தார். சுகம் விசாரித்தார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், மேகப் படம் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை, வெளிச்சம் அதிகம் என்றேன். தலையை ஆட்டினார். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்காகக் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்:

“நம்ம லைட்டு கீழதானே பாத்துச்சு, சேர்.”