சீசாவில் உறைந்த சீமைத் தைலம்

டைபாய்டு கண்டு எழுந்த என் பெண்ணுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்களே என்ற பயத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் பட்டுப்புடவை விலை கொடுத்துத் தைலம் வாங்கினேன். பச்சை நிறம், ரோஜா மணம், சீசாவின்மேல் முழங்கால்வரை கூந்தலோடு ஒரு வெள்ளைக்காரி.

"சீமையிலே மாத்திரம் கிட்டுற மூலிகையாக்கும், மாமி!" என்றான் கடைக்காரன்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை சீசாவைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட விழவில்லை. பெண் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, நம்மாத்துத் தேங்காயெண்ணெயும் இப்படித்தானே உறைஞ்சிருக்கு!"

கொல்லை நிறையத் தென்னையை வைத்துக்கொண்டு, சாயம் கலந்த தேங்காயெண்ணெயைச் சீமைச் சரக்கென்று வாங்கியிருக்கிறேன்! உடம்பு தேறியதும் முடி தானே வளர்ந்தது. அதற்கும் அந்தப் புளுகன் பெருமை கொண்டாடுவான்.

இப்போதெல்லாம் மார்கழி பிறக்காமல் நான் தைலமே வாங்குவதில்லை. விடிந்ததும் போய்க் கடைவாசலிலேயே சீசாவைக் கவிழ்த்துப் பார்ப்பேன். என் தலை தெரிந்தாலே சாலைக் கடைகளில் சீசாக்கள் உள்ளே போய்விடுகின்றன.